கொதித்தும் அடங்காத புரதம்

சிதோனியும் நோவாகாவும் சண்டை போடாமல் எங்கள் ஆய்வுக்கூடத்தில் எந்தக் காலையும் தொடங்கியதில்லை. அவள் சாமோ இனத்தவள், துகான் பக்கத்துக்காரி. அவன் மோசி, கூதுகு ஊரைச் சேர்ந்தவன். மோசிக்கும் சாமோவுக்கும் கேலிமுறை. பார்த்த இடத்தில் வம்பிழுக்கலாம், வாய்க்கு வந்தபடி ஏசலாம். கோபித்துக்கொள்ளும் உரிமை மட்டும் யாருக்கும் கிடையாது.

நோவாகா என்றால் மோசி மொழியில் கோழி. பெற்றவர்கள் என்ன நினைத்து வைத்தார்களோ, சிதோனிக்கு அது வாழ்நாள் முழுக்கப் போதுமான தீனி ஆகிவிட்டது. மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டுத் தலைக்கவசத்தைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிடுவாள்.

"என்ன கோழி, இன்னைக்காவது முட்டை போட்டியா, இல்ல வழக்கம்போலக் கொக்கரிப்பு மட்டும்தானா?"

அவன் தலை நிமிராமல் பதில் சொல்வான். "எங்க பாட்டன் உங்க பாட்டன அடிமையாப் பிடிச்சப்பவே வாயக் கட்டிப் பிடிச்சிருக்கணும். அந்த மனுஷன் இளகின மனசுக்காரர். நான் அனுபவிக்கிறேன்."

என் பெயர் சனூ. நான் பொபோ இனத்தவன், இதே பொபோ-தியுலாசோவில் பிறந்து வளர்ந்தவன். எனக்கும் கேலிமுறைக்காரர்கள் உண்டு. ஆனால் அவர்கள் மாடு மேய்க்கும் 'புல்' என்ற இனத்தார், எங்கள் கூடத்தில் ஒருவரும் இல்லை. அதனால் என்னை யாரும் சீண்டுவதில்லை. இவர்கள் இருவருக்கும் நடுவில் என் மேசை இருந்ததுதான் எனக்கு வாய்த்த தண்டனை. வசவுகளெல்லாம் என் தலைக்கு மேலேதான் பறக்கும்.

சிதோனியின் ஆராய்ச்சி டெங்குவைப் பற்றியது. டெங்கு வந்தவர்களில் பெரும்பாலோர் ஒரு வாரம் எலும்பெல்லாம் நொந்து கிடந்துவிட்டு எழுந்துவிடுவார்கள். சிலர் மட்டும் காய்ச்சல் விடுகிற நேரத்தில், இனிப் பிழைத்தோம் என்று வீட்டார் மூச்சு விடுகிற நேரத்தில், சரிந்து விழுவார்கள். ரத்தக்குழாயின் சுவர் தளர்ந்து, ரத்தத்தில் இருக்கும் நீர் வெளியே கசிந்துவிடும். வைரஸ் உடம்பில் குறைந்துகொண்டு வரும்போது இது ஏன் நடக்கிறது என்பதுதான் சிதோனியின் கேள்வி. அவளுடைய சந்தேகம் என்.எஸ்.1 என்ற புரதத்தின் மேல். டெங்கு இருக்கிறதா என்று பார்க்க ரத்தத்தில் எதைத் தேடுகிறார்களோ, அதே புரதம். வைரஸ் சில செல்களுக்குள்தான் நுழையும். அது வெளியே கொட்டும் இந்தப் புரதமோ ரத்தத்தோடு உடம்பு முழுக்கச் சுற்றும். வெள்ளணுவின் மேற்பரப்பில் உள்ள ஓர் ஏற்பி இதைத் தொட்டு உணர்ந்தால், உள்ளே ஒன்றையொன்று தட்டி எழுப்பிக்கொண்டு சமிக்ஞை ஓடும். செல் அழற்சிப் பொருள்களை வெளியே வாரி இறைக்கும். குழாய்ச் சுவரைத் தளர்த்துவது அந்த இறைப்புதான் என்று அவள் நினைத்தாள். மற்ற நாடுகளில் சிலர் இதைப் பார்த்துச் சொல்லியிருந்தார்கள். எங்கள் ஊரில் திரியும் வைரஸின் புரதமும் அப்படிச் செய்கிறதா என்று யாரும் பார்க்கவில்லை.

நோவாகாவின் மேசையில் டைபாய்டு மாதிரியான குடல் நோய்ப் பாக்டீரியாக்கள். வேலை வேறு என்றாலும் சிதோனிக்கு அவன் இல்லாமல் முடியாது. சோதனைக்குப் புது வெள்ளணுக்கள் வேண்டும், அதற்கு யாராவது ரத்தம் கொடுக்க வேண்டும். நரம்பு எடுப்பாகத் தெரிகிற கை எங்களில் அவனுக்குத்தான். அவள் ஊசியோடு வருவாள், அவன் சட்டைக் கையைச் சுருட்டுவான்.

"மோசி ரத்தம் ஒண்ணுமில்லாததுக்கெல்லாம் கொதிக்கும். அழற்சி பாக்க இதவிட நல்ல ரத்தம் கெடைக்காது," என்பாள்.

"எடுத்துக்கோ, எடுத்துக்கோ. சாமோ வீட்டுக்கு நாங்க பிச்ச போடறது புதுசா என்ன," என்பான் அவன்.

மழைக்காலம் தொடங்கிய சமயத்தில் அவளுக்கு முதல் பலன் கிடைத்தது. வைரஸின் மரபணுத் துண்டைப் பாக்டீரியாவுக்குள் வைத்து, பாக்டீரியாவை வளர்த்து, உடைத்து, அதிலிருந்து அந்தப் புரதத்தை மட்டும் பிரித்து எடுத்திருந்தாள். அதை வெள்ளணுக்களோடு சேர்த்து வைத்துவிட்டு, அவை வெளியிட்ட அழற்சிப் பொருளை அளந்தாள். தட்டின் சிறு குழிகளில் எவ்வளவு மஞ்சள் ஏறுகிறதோ அவ்வளவு அழற்சி. அன்றைக்குக் குழிகளெல்லாம் பழுத்த மாம்பழம்போல் மின்னின. சிதோனி தட்டைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு மேசைகளுக்கு நடுவே ஆடினாள். நோவாகாகூடக் கைதட்டினான். கொட்டிவிடாதே என்று மட்டும் எச்சரித்தான்.

மறுநாள் ஒரு வாளி நிறையத் தெகே கொண்டுவந்தாள். தயிரில் கம்பு உருண்டை போட்டு இனிப்பாகக் கலக்கியது. ஐஸ் போட்ட தெகேயை ஆளுக்கொரு குவளை ஊற்றிக் கொடுத்து, இனி எங்கள் ஊரில் டெங்கேயும் தெகேயும் ஒன்றுதான், இரண்டையும் நான்தான் பரிமாறுவேன் என்றாள். பிரெஞ்சில் டெங்குவை நாங்கள் சொல்வதும் ஏறக்குறைய அப்படித்தான் ஒலிக்கும். எங்கள் இயக்குநர் மேடம் கம்பூ இரண்டாவது குவளை கேட்டு வாங்கினார். அவர் எதையும் இரண்டாவது முறை கேட்டு நான் பார்த்ததில்லை. டாக்கர் நகரத்தில் நடக்கும் மாநாட்டுக்கு இதை அனுப்பலாம், வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் முதலில் எங்களுக்குச் சொல் என்றார்.

வெள்ளிக்கிழமை சிதோனி பச்சைப் பூப்போட்ட புதுத் துணியில் தைத்த உடையில் வந்தாள். படங்களைக் காட்டி அழகாகப் பேசினாள். முடித்ததும் எல்லோரும் மேசையைத் தட்டினோம். கேள்வி உண்டா என்று மேடம் கம்பூ கேட்டார். பின்வரிசையில் நாற்காலியைச் சாய்த்து உட்கார்ந்திருந்த நோவாகா கையைத் தூக்கினான்.

"சாமோ வீட்டுச் சமையல்னா இப்படித்தான் மேடம். அடுப்பே பத்த வைக்காம பரிமாறிடுவாங்க. அந்தப் புரதத்தக் கொஞ்சம் கொதிக்க வெச்சுப் பாக்கச் சொல்லுங்க."

எல்லோரும் சிரித்தோம். சிதோனியும் சிரித்துக்கொண்டு அவனுக்கொரு பதிலடிக்கு வாயைத் திறந்தாள். மேடம் கம்பூ சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "அதச் செஞ்சு பாத்தியாம்மா?" என்று கேட்டார்.

சிதோனி இல்லை என்று தலையாட்டினாள்.

விஷயம் இதுதான். புரதத்தைக் கொதிக்க வைத்தால் அதன் உருவம் குலைந்துவிடும், பிறகு எந்த ஏற்பியாலும் அதை அடையாளம் காண முடியாது. ஆனால் அவளுடைய புரதம் பாக்டீரியாவில் வளர்ந்தது. பாக்டீரியாவின் மேலுறைத் துணுக்குகள் எவ்வளவு சுத்தம் செய்தாலும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வரும். அவை கொதித்தாலும் அசையாது. அதைவிட மோசம், வெள்ளணு அந்தத் துணுக்குகளை உணர்வதும் அதே ஏற்பியால்தான். ஆகவே மஞ்சள் நிறத்தைப் பார்த்து மட்டும் யார் கதவைத் தட்டினார்கள் என்று சொல்ல முடியாது. கொதிக்க வைத்த பிறகு மஞ்சள் மறைந்தால் தட்டியது புரதம். மறையாவிட்டால் பாக்டீரியாவின் அழுக்கு. நாளெல்லாம் பாக்டீரியாவோடு புழங்கும் நோவாகாவுக்கு இது மூச்சு விடுவதுபோல் பழக்கமான விஷயம். அவன் கிண்டலுக்குத்தான் சொன்னான். ஆனால் சொன்னது சரியான இடத்தில் போய் விழுந்துவிட்டது.

சிதோனி அடுத்த வாரமே கொதிக்க வைத்துப் பார்த்தாள். நான் பக்கத்தில் இருந்தேன். கொதித்த குழி, கொதிக்காத குழி, இரண்டிலும் ஒரே மஞ்சள். அவள் தட்டை வெளிச்சத்தில் இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். பிறகு குப்பையில் போடாமல், கவனமாக மூடி, மேசையின் ஓரத்தில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் காலை நோவாகா தயாராகக் காத்திருந்தான். முதல் வசவு அவளுடையதாகத்தான் இருக்கும் என்று அவனுக்குத் தெரியும், பதிலையும் தேடி வைத்திருந்தான். சிதோனி உள்ளே வந்தாள். தலைக்கவசத்தைக் கழற்றினாள்.

"வணக்கம், திரு. நிகியேமா. நல்லாத் தூங்கினீங்களா?"

நோவாகாவின் குடும்பப் பெயரைச் சொல்லி எங்கள் கூடத்தில் அவனை யாரும் கூப்பிட்டதில்லை. பாத்திரம் கழுவுகிற அம்மாள் குழாயை மூடினாள். கேலிமுறைக்காரர்கள் கத்தினால் வீடு நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். மரியாதையாகப் பேசினால் எங்கோ கூரை பிய்ந்துவிட்டது.

அவன் விடவில்லை. அன்று முழுக்க அவளைச் சீண்டினான். சாமோக்கள் நாய் தின்பதைப் பற்றிச் சொன்னான், அவள் ஊர்த் தலைவரைப் பற்றிச் சொன்னான், அவளுடைய பச்சை உடையைப் பார்த்து வெண்டைக்காய்க் குழம்பு நடந்து வருகிறது என்றான். எல்லாவற்றுக்கும் அவள் ஒரே பதில்தான் வைத்திருந்தாள். "நீங்க சொல்றது சரிதான்."

இப்படியே வாரங்கள் போயின. ரத்தம் வேண்டுமென்றால் என்னிடம் வந்தாள். என் நரம்பு கண்ணுக்குத் தெரியாது, இரண்டு மூன்று முறை குத்துவாள். ஒருநாள் குத்தும்போது நானே கேட்டுவிட்டேன், அவன் மேல் அவ்வளவு கோபமா என்று.

"அவன் மேல என்ன கோபம்? அவன் சொன்னதுல தப்பே இல்ல. நான்தான் செய்யவேண்டியதச் செய்யாம தட்டத் தூக்கிட்டு ஆடினேன். என் மேலதான் கோபம். என்ன நானே எப்படித் திட்டிக்கறது சனூ? அவனத் திட்ட ஆரம்பிச்சா சிரிச்சிடுவேன். சிரிக்கிற மாதிரி இல்ல எனக்கு."

நோவாகா மதியச் சாப்பாட்டின்போது என்னிடம் புலம்பினான். வாய்க்கு வந்ததைச் சொன்னேன், அது பலித்துவிடும் என்று யாருக்குத் தெரியும் என்றான். அவன் தட்டில் தோ என்கிற களி கட்டியாகி ஆறிக் கிடந்தது. நல்ல சாப்பாட்டுக்காரன், தொடவே இல்லை.

சிதோனி முதலிலிருந்து தொடங்கினாள். இந்த முறை பாக்டீரியாவே வேண்டாம் என்று முடிவு செய்து, மனிதச் செல்களுக்குள் அந்த மரபணுவை வைத்து வளர்த்தாள். பாக்டீரியா ஒரே இரவில் கொழுகொழுவென்று வளர்ந்து பாத்திரம் பாத்திரமாகப் புரதம் தரும். மனிதச் செல் அப்படியல்ல. அதற்குச் சூடு சரியாக இருக்க வேண்டும், காற்று சரியாக இருக்க வேண்டும், மின்சாரம் போனால் முகம் சுருங்கிவிடும். மின்சாரமோ எங்கள் ஊரில் நினைத்தபோது போகும். ஜெனரேட்டர் ஓடத் தொடங்கும்வரை அவள் வளர்ப்புப் பெட்டியின் கதவில் முதுகைச் சாய்த்து நிற்பாள், சூடு வெளியே போகாமல் தானே தாங்கிப் பிடிப்பதுபோல. புதுக் குழாய், புது வடிகட்டி, துணுக்கு இல்லாத தண்ணீர். இவ்வளவுக்கும் பிறகு கிடைத்தது கண்ணீர்த் துளி அளவு புரதம்.

அதற்குள் மழை ஓய்ந்து, கொசு பெருகி, ஊரில் டெங்கு பரவிவிட்டது. மருந்துக்கடைகளில் வரிசை, பள்ளிக்கூடங்களில் பாதி பெஞ்சு காலி. காய்ச்சல் வந்தவர்கள் எல்லோரும் முதலில் மலேரியா என்றுதான் சொல்வார்கள், நோவாகாவும் அப்படித்தான் சொன்னான். கண்ணுக்குப் பின்னால் வலிக்கிறது என்று சொன்னபோது மேடம் கம்பூ அவனைக் கையோடு சோதனைக்கு அனுப்பினார். என்.எஸ்.1 இருந்தது. உடம்பு மிகவும் தளர்ந்திருந்ததால் ஆஸ்பத்திரியில் சேர்த்துக்கொண்டார்கள்.

நாங்கள் முறை வைத்துப் போய்ப் பார்த்தோம். சிதோனி போகவில்லை. எப்படி இருக்கிறார் என்று மட்டும் கேட்பாள். அந்த 'இருக்கிறார்' எனக்குப் பழகவே இல்லை.

ஒரு காலை நேரத்தில் அவன் மனைவி ஆபிபு எனக்குப் போன் செய்தாள். காய்ச்சல் சுத்தமாக விட்டுவிட்டதாம். கூதுகுவில் அவன் அண்ணன் குழந்தைக்கு மறுநாள் பெயர் சூட்டு விழாவாம், இப்போதே பஸ் பிடிக்கிறேன் என்று சட்டை மாட்டிக்கொண்டு நிற்கிறானாம். போகக்கூடாது என்று டாக்டர் சொல்லியும் கேட்கவில்லையாம். நீங்கள் வந்து சொல்லுங்கள் என்றாள்.

நான் இதைச் சொன்னதும் சிதோனி கையிலிருந்ததை வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"காய்ச்சல் எப்ப விட்டுச்சாம்?"

விடிகாலையில் என்றேன். அவள் தலைக்கவசத்தை எடுத்துக்கொண்டாள். என் வண்டியின் பின்னால் உட்கார்ந்தாள். வழியெல்லாம் என் தோளை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

ஆஸ்பத்திரியில் நடைவழியிலும் கட்டில் போட்டிருந்தார்கள். ஜன்னல் கம்பிகளில் சலைன் பாட்டில்கள் தொங்கின. நோவாகா இருந்த கூடத்தில் ஏழெட்டுப் பேர் கொசுவலைக்குள் படுத்திருந்தார்கள். அவன் மட்டும் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, தலையில் பின்னல் தொப்பியோடு, காலணிக் கயிற்றைக் கட்டப் பார்த்துக்கொண்டிருந்தான். விரல் சொன்னபடி கேட்கவில்லை.

"திரு. நிகியேமா, வயிறு வலிக்குதா?" என்று கேட்டாள் சிதோனி.

இல்லை என்றான். கஞ்சிப் பாத்திரத்தோடு நின்ற ஆபிபு, விடிஞ்சதிலிருந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டிருக்கிறார், வாந்தியும் எடுத்தார் என்றாள். அவன் அவளை முறைத்தான். சிதோனி அவன் கையைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு என் கையை எடுத்து அவன் கையின் மேல் வைத்தாள். வெளியே தார் உருகுகிற வெயில், அவன் கை குளிர்பெட்டியிலிருந்து எடுத்த பாட்டில்போல் இருந்தது.

"காய்ச்சல் விட்டதும் நோய் விட்டுடுச்சுன்னு நெனைக்காதீங்க. ரத்தக்குழாய் கசியறது இப்பத்தான். ரெண்டு நாள் இந்தக் கட்டில்லயே இருக்கணும். தயவு செஞ்சு."

அவன் களைத்துப் போயிருந்தான், எரிச்சலில் இருந்தான். அதனால்தான் அப்படிச் சொன்னான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

"யாரு சொன்னா, உன்னோட புரதமா? அதத்தான் கொதிக்க வெச்சுப் பாத்தாச்சே."

ஆபிபு தரையைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன். சிதோனி அழப்போகிறாள் என்றுதான் நினைத்தேன். அவள் கையை நீட்டி அவன் தலையிலிருந்த தொப்பியை உருவினாள். அதைத் தன் தலையில் காது வரைக்கும் இழுத்து மாட்டினாள். கதவருகே நடந்து போனாள், தோளைத் தூக்கிக்கொண்டு, வயிற்றை முன்னால் தள்ளிக்கொண்டு, அச்சாக அவன் நடக்கிற நடை. போய், வாசற்படியில் குறுக்கே நீட்டிப் படுத்துக்கொண்டாள்.

மோசி வீட்டில் சாவு விழுந்தால் சாமோக்கள் வந்து இப்படிச் செய்வார்கள். செத்தவன் உடுப்பைப் போட்டுக்கொண்டு அவனைப்போலவே நடித்து, அழுகிறவர்களைச் சிரிக்க வைப்பார்கள். ஆனால் அது ஆள் செத்த பிறகு நடப்பது. ஆள் கட்டிலில் உட்கார்ந்திருக்கும்போது யாரும் செய்து நான் பார்த்ததில்லை.

"ஐயா, அம்மா, எல்லாரும் கேட்டுக்கோங்க," என்றாள், அவன் குரலில், மூக்கால். "நான்தான் நோவாகா நிகியேமா. கூதுகுக் கோழி. இன்னைக்கு மத்தியானம் பஸ்ஸுல செத்துப்போனேன். டாக்டர் இருன்னு சொன்னாரு, பொண்டாட்டி இருன்னு சொன்னா, நான் மோசியாச்சே, எனக்கு எல்லாம் தெரியும்னு கெளம்பினேன். பஸ்ஸுல பக்கத்துல உக்காந்திருந்த ஆட்டுக்குட்டிதான் மொதல்ல பாத்துச்சு. அது கத்துச்சு, டிரைவர் என்ன எறக்கிவிட்டுட்டு ஆட்டக் கூட்டிட்டுப் போயிட்டான்."

பக்கத்துக் கட்டிலில் இருந்த கிழவர் கொசுவலையை விலக்கிச் சிரித்தார். நடைவழியிலிருந்து இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்த நர்ஸ் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

நோவாகாவின் முகத்தை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் முதலில் வந்தது சிரிப்பு அல்ல. சுமையை இறக்கி வைத்தவன் முகம் எப்படி இருக்குமோ, அப்படி ஆனது.

"எந்திரிடி. எனக்கு நேரமாச்சு," என்றான்.

"பொணத்துக்கு என்னடா நேரம்? தாண்டிப் போயேன் பாப்போம். சாமோ வீட்டுப் பொண்ணத் தாண்டிப் போன மோசி எவனாவது உருப்பட்டிருக்கானா?"

"ஊரே பாக்குது. உனக்கு வெக்கமே இல்லையா?"

"உன்னப் பாத்து வளந்தவ நான். வெக்கத்துக்கு எங்க போவேன்?"

கேலிமுறைக்காரி குறுக்கே படுத்துவிட்டால் தாண்ட முடியாது. அது அவனுக்கும் தெரியும், கூடத்தில் இருந்த எல்லோருக்கும் தெரியும். அவளை எழுப்பித் தள்ளிவிடலாம் என்று எழுந்தான். இரண்டடி வைத்ததும் முழங்கால் மடிந்தது. நான் பிடித்துக்கொண்டேன். சிதோனி வாசற்படியிலிருந்து பாய்ந்து வந்தாள், தொப்பி ஒரு பக்கம் பறந்தது. நர்ஸ் ரத்த அழுத்தம் பார்த்தாள், இன்னொரு முறை பார்த்தாள், டாக்டரைக் கூப்பிட்டாள். டாக்டர் ஓடி வந்து ரத்தத்தைச் சோதிக்க எடுத்தார். நீர் கசிந்து ரத்தம் கெட்டிப்பட ஆரம்பித்திருக்கிறது, ஆனால் நேரத்தில் பிடித்துவிட்டோம் என்றார். சலைன் ஏற்றத் தொடங்கினார்கள். வேகமாக ஏற்றினாலும் ஆபத்து, மெதுவாக ஏற்றினாலும் ஆபத்து. மணிக்கு மணி அளந்து அளந்து ஏற்றினார்கள்.

சாயங்காலம் வரை சிதோனி கட்டிலை விட்டு நகரவில்லை. அவன் கண்ணை மூடும்போதெல்லாம் ஒரு வசவு சொல்லிப் பார்த்தாள். பதில் வந்தால்தான் அவளுக்கு நிம்மதி. முதலில் முனகல்தான் வந்தது. பிறகு ஒற்றை வார்த்தை. வெயில் சாய்ந்த நேரத்தில் அவன் கண்ணைத் திறக்காமலே, "ஆபிபு, இந்தச் சாமோக்காரிக்குச் சாப்பிட ஏதாவது குடு. வாய் ஓயட்டும்," என்று முழு வாக்கியமாகச் சொன்னான். நான் அவன் கையைத் தொட்டேன். சூடு வந்திருந்தது. ஆபிபு கஞ்சிப் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு, முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு சிதோனிக்குப் பீன்ஸும் சோறும் வாங்கிவரப் போனாள்.

இரண்டு நாளில் கசிவு நின்றது. கூதுகுவில் குழந்தைக்கு அவனில்லாமலே பெயர் வைத்தார்கள்.

வேலைக்குத் திரும்பியபோது அவன் பாதி ஆளாக இருந்தான், சட்டை தொளதொளவென்று தொங்கியது. அந்த வாரம்தான் சிதோனி தன் கண்ணீர்த் துளிப் புரதத்தைச் சோதித்தாள். என் ரத்தம். பொபோ ரத்தம் தூங்குமூஞ்சி ரத்தம், எழுப்பினாலும் எழாது என்று முன்கூட்டியே குறை சொல்லிவிட்டாள். நேரம் ஆனதும் மூன்று பேரும் தட்டின் மேல் குனிந்தோம்.

புரதம் போட்ட குழிகளில் இளமஞ்சள். அன்றைக்கு ஆடவைத்த நிறம் அல்ல, எலுமிச்சைத் தோலின் நிறம். கொதிக்க வைத்த புரதம் போட்ட குழிகள் தண்ணீர்போலத் தெளிந்து கிடந்தன. ஏற்பியை மருந்தால் அடைத்துவிட்டுப் புரதம் போட்ட குழிகளும் தெளிவு. ரத்தக்குழாய்ச் செல்களை மெல்லிய விரிப்பாக வளர்த்து அதன் மேலும் அதே புரதத்தை விட்டுப் பார்த்திருந்தாள். விரிப்பு தளர்ந்து கசிந்திருந்தது, கொதிக்க வைத்த புரதம் விட்ட விரிப்பு கசியவில்லை.

யாரும் ஆடவில்லை. சிதோனி ஒரு முக்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

"சின்னதா இருக்கு," என்றாள்.

"சின்னதுதான். ஆனா உன்னுது," என்றான் நோவாகா. பிறகு உடனே, "சாமோவுக்கு வேற எது பெருசா இருந்துச்சு," என்று சேர்த்துக்கொண்டான்.

மேடம் கம்பூ வந்து பார்த்தார். இரண்டு முறை பார்த்தார். நன்று, இதையே இன்னும் பலருடைய ரத்தத்தில் செய்துபார், ஓர் ஆளை வைத்து ஊரைப் பற்றிப் பேச முடியாது என்றார். அடுத்த நாள் காலை எங்கள் கூடத்தில் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு ஒரு வரிசையே நின்றது. காவலாளி, கணக்கர், பாத்திரம் கழுவுகிற அம்மாள், மேடம் கம்பூ. வரிசையில் முதல் ஆளாக நோவாகா. சிதோனி அவனை மட்டும் இழுத்து வெளியே விட்டாள். இன்னும் சில மாதத்துக்கு உன் ரத்தத்தை நீயே வைத்துக்கொள் என்றாள். அவனுக்கு நிஜமாகவே முகம் சுண்டிவிட்டது, மதியம் வரை அதைச் சொல்லிச் சொல்லிக் காட்டினான்.

ஆளுக்கு ஆள் மஞ்சள் கூடியது, குறைந்தது. ஆனால் எல்லோரிலும் இருந்தது, கொதித்ததில் யாரிடமும் இல்லை. புழுதிக்காற்று வீசத் தொடங்கி, கொசு ஓய்ந்து, ஆஸ்பத்திரி நடைவழிகள் காலியான சமயத்தில் சிதோனி டாக்கருக்கு விமானம் ஏறினாள்.

அவள் இல்லாத முதல் காலை எனக்குச் சொர்க்கமாக இருந்தது. பத்து மணிக்கு நானே கொஞ்சம் சத்தம் போட்டுப் பார்த்தேன். நோவாகா நுண்ணோக்கியில் கண்ணை வைத்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தான், அதில் கண்ணாடித் தகடே இல்லை. மத்தியானம் சிதோனி அவன் போனுக்குக் கூப்பிட்டாள். எல்லோரும் கேட்க ஒலிபெருக்கியில் போட்டான்.

நன்றாகப் பேசினாளாம். முன்வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர் கேட்ட கேள்விக்குப் பாதிதான் பதில் தெரிந்ததாம், மீதி தெரியாது என்று சொல்லிவிட்டாளாம். அவர் அதற்குத் தலையசைத்து, அவருடைய ஊருக்கு வந்து அந்த மீதியைச் சேர்ந்து தேடலாமா என்று கேட்டாராம்.

"அவரு மோசியா?" என்றான் நோவாகா.

"இல்லடா, அறிவாளி."

பிறகு அவர்கள் ஆரம்பித்தார்கள். நான் மெல்ல எழுந்து மீன் வறுக்கும் பெண்ணின் கடைக்குச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்தபோதும் முடிந்திருக்கவில்லை.